பெயர் சொன்ன பிறகு எடுத்த துண்டு

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்காக, எங்கள் பள்ளிக்கூடத்துக் கொண்டாட்டங்களைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி இப்போதைய அதிபர் கேட்டார். எந்த நாளில் எந்தப் பாட்டு, யார் யாருக்கு அழைப்பு, மேசைகளை எப்படிப் போடுவது என்பதெல்லாம் அதிபரின் கந்தோர் அலுமாரியில் கோப்பாக இருக்கிறது. நீங்களே எடுத்துப் பார்க்கலாம். நான் எழுதப்போவது அந்தக் கோப்பில் இல்லாதது. எழுதாமல் விடுவது எனக்கு வசதி. ஆனால் வசதியாக இருந்து களைத்துப்போனேன்.

மன்னார்த் தீவில் பிரெஞ்சில் பாடம் நடக்கும் ஆரம்பப் பள்ளி எதற்கு என்று உங்களிடமும் கேட்பார்கள். தொடங்கிய காலத்தில் இங்கே பாதி வீடுகளில் யாரோ ஒருவர் பிரான்சில் இருந்தார். தகப்பன் கூப்பிடுவான், விசா வரும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். அங்கே போய் வகுப்பில் ஊமையாக உட்காரக்கூடாது என்று கோயில் பங்கில் யோசித்தார்கள். நான் பதினைந்து வருடம் அங்கே இருந்து, ஓர் ஆரம்பப் பள்ளியில் உதவியாளனாக வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தேன். காலை முழுவதும் பிரெஞ்சு, மத்தியானத்துக்குப் பிறகு தமிழ் என்று, நான் அதிபராக இருக்க, ஆரம்பித்தோம். பிறகு எங்கேயும் போகாத பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். மீன் வாடியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், மலையகத்திலிருந்து வந்து கட்டுக்கரைப் பக்கம் குடியேறியவர்களின் பிள்ளைகள். வந்தவரை நாங்கள் திருப்பி அனுப்பவில்லை. அந்த ஒன்றில் எனக்கு வெட்கம் இல்லை.

பொங்கலும் நோன்புப் பெருநாளும் ஒளிவிழாவும் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. ராசா கேக் எங்களிடம் மட்டும்தான். தை மாதத்து மூன்று இராசாக்கள் திருநாளுக்குப் பிறகு வரும் மூன்று வெள்ளிக்கிழமைகளில், ஒவ்வொரு வகுப்பிலும் வட்டமான ஒரு கேக்கை வெட்டுவோம். அதற்குள் ஒரு பொருள் ஒளிந்திருக்கும். பிரான்சில் அது சின்னப் பீங்கான் பொம்மை. இங்கே கடற்கரையில் பொறுக்கிய சோகி ஒன்றை, அதாவது சோழியை, அவித்துக் கழுவிப் போட்டோம். முதல் வெள்ளிக்கிழமைக் கேக் செய்து தந்த பேக்கரிக்கார நானா ஒவ்வொரு வருடமும் முறைப்பாடு வைப்பார். "மாஸ்டர், யாருக்கோ பல்லு ஒடஞ்சா ஊரெல்லாம் என்ட பேக்கரியத்தான் சொல்லும். கடல்ல கெடக்கிறத கேக்குக்குள்ள போடுற ஊரு உலகத்துல இது ஒண்டுதான்."

வகுப்பில் வயதில் மிகக் குறைந்த பிள்ளை மேசைக்குக் கீழே போய் உட்காரும். ஆசிரியர் ஒரு துண்டைத் தொட்டு, "பூர் கீ?" என்று கேட்பார். இது யாருக்கு என்று அர்த்தம். கீழே இருந்து ஒரு பெயர் வரும். தொட்ட துண்டு அந்தப் பெயருக்கு. யாருடைய துண்டில் சோகி இருக்கிறதோ அவருக்குக் கடதாசி முடி. அதோடு, அடுத்த வெள்ளிக்கிழமைக் கேக் அவருடைய வீட்டிலிருந்து வரவேண்டும். பிள்ளைகளுக்கு முடியைவிட இதுதான் பெரிது. ஒரு கிழமை முழுவதும் அந்தப் பிள்ளையின் வீட்டைப் பற்றித்தான் வகுப்பு பேசும். "உங்கட அம்மா சீனி கூடப் போடுவாவோ?" "உங்கட வீட்டுக் கேக் போன முறை செங்கல்லு மாதிரி." "செங்கல்லெண்டா ஏன் ரெண்டு துண்டு திண்டனி?"

முதல் வருடம் சோகி றெஜினா என்ற பிள்ளைக்குப் போனது. ஓலைத்தொடுவாயில் இருந்து வருகிறவள், தகப்பன் கடலுக்குப் போகிறவர். வாடைக்காற்றுக் காலம், வள்ளங்கள் கரையில் கிடந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. பத்து மணிவரை வகுப்பு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னேரம் சைக்கிளில் அவள் வீட்டுக்குப் போனேன். தாய் படலைக்கு வெளியே வந்து நின்று, "பிள்ளைக்குக் காய்ச்சல் சேர்" என்றார். வளவின் பின்பக்கம் றெஜினா கயிறடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது என்பது தாய்க்கும் தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. "சரி அம்மா, கவனமாப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அந்தப் படலையில் ஒரு நிமிடம் கூடுதலாக நின்று, "என்ன செய்வம், சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு அவமானம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் வந்து சேர்வதற்குள் நானே தனியாக ஒரு முடிவு எடுத்துவிட்டேன். இனி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோகி போகக்கூடாது.

அதற்கு அதிகம் பாடுபட வேண்டியிருக்கவில்லை. கேக் வந்ததும் அடிப்பக்கத்தால் சோகியைச் செருகுவது நான்தான்; அந்த இடத்தில் மேல் பக்கம் முள்ளுக்கரண்டியால் ஒரு சின்னக் குத்து. பிறகு ஒரு மாற்றம். துண்டைத் தொட்டுவிட்டுப் பெயரைக் கேட்பதற்குப் பதிலாக, பெயரைக் கேட்டுவிட்டுத் துண்டை எடுக்கத் தொடங்கினேன். எல்லோரும் மேசைக்குக் கீழிருந்து வரும் குரலையே கவனித்தார்கள். என் கையை யாரும் பார்க்கவில்லை. மற்ற வகுப்புகளுக்கும் நானே போய் வெட்டிக் கொடுத்தேன். அதிபர் வந்து வெட்டுவது மரியாதை என்று மற்ற ஆசிரியர்கள் நினைத்தார்கள். பல வருடங்கள் இப்படி நடந்தது. சோகி போன வீடுகளில் எல்லாம் அடுப்பு நன்றாக எரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. அதை நான் என் நிர்வாகத் திறமை என்று வைத்திருந்தேன்.

இனி மேகலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மேகலாவின் தாய் பாக்கியம் எங்கள் பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கிறவர். அவருடைய குடும்பம் மலையகத்திலிருந்து வந்து, கட்டுக்கரைக் குளத்து வாய்க்காலுக்கு அப்பால் குடியேறியிருந்தது. புருஷன் வயலில் நாட்கூலி. தாயும் மகளும் விடியற்காலை பஸ்ஸில் ஏறி, கடல்மேல் போகும் தாம்போதியைக் கடந்து தீவுக்குள் வருவார்கள். பாக்கியம் விளக்குமாற்றை எடுப்பார், மகள் வகுப்புக்குப் போவாள். மேகலா தாயுடன் மலையகத் தமிழ் பேசுவாள், எங்களுடன் மன்னார்த் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு. மூன்றும் சுத்தமாக இருக்கும். அப்படி ஒரு பிள்ளை எனக்கு அதற்கு முன்னும் பின்னும் கிடைக்கவில்லை.

நாலாம் வகுப்பில் படித்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை கேக் முடிந்த பிறகு தட்டங்களை அடுக்கிக்கொண்டு வந்தாள்.

"சேர், ஒண்டு கேக்கட்டோ?"

"கேள் பிள்ளை."

"கீழ இருக்கிற பிள்ளை பேர் சொன்னாப் பிறகுதானே நீங்கள் துண்டை எடுக்கிறீங்கள்? அப்ப ஆருக்கு எது எண்டு நீங்கள்தானே முடிவெடுக்கிறீங்கள்?"

நான் சிரித்தேன். "இல்லைப் பிள்ளை. கைக்கு வாறதை எடுக்கிறன். எல்லாம் அதிர்ஷ்டம்."

"ஓம் சேர்" என்றாள். தட்டங்களை வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்பது வயதுப் பிள்ளை கண்டுபிடித்ததை, கண்டுபிடிக்கவில்லை என்று அந்தப் பிள்ளையையே நம்பவைக்கப் பார்த்தேன். இந்தத் தொழிலில் நான் செய்த பிழைகளில் இதற்குத்தான் முதலிடம். இதுவும் இரக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அடுத்த வருடம் அவள் ஐந்தாம் வகுப்பு. எங்களிடம் அவளுக்குக் கடைசித் தை மாதம். முதல் வெள்ளிக்கிழமைச் சோகி மருந்துக்கடைக்காரரின் மகனுக்குப் போயிற்று. அடுத்த கிழமை வியாழக்கிழமை பாக்கியம் கந்தோருக்குள் வந்தார். கையில் விளக்குமாறு இல்லை. அதனால் வேலை விடயம் இல்லை என்று தெரிந்தது.

"சார், நாளைக்கும் அந்த கேக் வெட்டுறதுதானே?"

"ஓம் பாக்கியம்."

"அஞ்சு வருசம் சார். எம்புள்ளைக்கு ஒரு தடவகூட அந்தச் சோகி வரல. மடுவுக்குப் போனப்ப மாதாகிட்டயே கேட்டுட்டேன். சிரிக்காதீங்க சார்." அவரே சிரித்தார். "இந்த வருசம் கட்டாயம் வரும்னு புள்ள சொல்லுது. நா முட்ட சேத்து வச்சிருக்கேன். பக்கத்து வீட்டு ராசம்மாவுக்கு மணல் போட்டுச் சட்டியில கேக் சுடத் தெரியும். ரெண்டு தடவ சுட்டுப் பாத்துட்டோம். மொதத் தடவ கரிஞ்சிருச்சு. ரெண்டாவது நல்லா வந்துச்சு சார். இத்தன வருசம் எல்லார் வீட்டு கேக்கையும் எம்புள்ள தின்னுருக்கு. ஒரு தடவயாச்சும் எங்க வீட்டு கேக்க இந்தப் புள்ளைங்க திங்கட்டும்."

"பாப்பம் பாக்கியம்" என்றேன். அவர் போன பிறகு நாளைக்கு மேகலாவுக்குத்தான் என்று முடிவெடுத்தேன். எனக்குள் ஒரு சந்தோசம்கூட வந்தது. கவனியுங்கள், அப்போதும் முடிவெடுத்தது நான்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் பிரான்சிலிருந்து ஒரு விருந்தாளி வந்து இறங்கினார். அங்கே எங்கள் ஊரவர் சங்கம் ஒன்று இருக்கிறது, அதன் பெரியவர். கூடவே பத்து வயதுப் பேத்தி. அவளை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தோம். நல்ல பிள்ளை, கொசுக்கடியோடு பொறுமையாக இருந்தது. கேக் மேசைக்கு வந்தது. பாக்கியம் ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு கதவடியில் வந்து நின்றார். வகுப்பின் கடைக்குட்டி மேசைக்குக் கீழே போனாள்.

நான் கத்தியை எடுக்கும்போது விருந்தாளி என் காதடியில் வந்து, "மாஸ்டர், இவளுக்கு அந்த முடியை வைச்சு ஒரு படம் எடுத்தா அங்க எல்லாருக்கும் காட்டலாம். ஏதும் செய்யேலுமோ?" என்று கேட்டார். பகிடி போலத்தான் கேட்டார். ஏலாது என்று நான் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போய் இருந்திருப்பார். வற்புறுத்தல் ஒன்றும் இல்லை. அவசரத்தில், நெருக்கடியில் முடிவெடுத்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். எந்த நெருக்கடியும் இருக்கவில்லை. இத்தனை வருடப் பழக்கம் இருந்தது, அவ்வளவுதான். கையில் அதிகாரம் இருந்தால் கேட்கிற முதல் ஆளுக்கு அது வளைந்து கொடுக்கும்.

"பூர் கீ?" என்றேன்.

மூன்றாவது பெயராக "மேகலா" என்று வந்தது. குத்து இருந்த துண்டுக்கு நேராக என் கை போனது. அதைத் தாண்டி அடுத்த துண்டை எடுத்தது. ஆறாவதோ ஏழாவதோ விருந்தாளிப் பிள்ளையின் பெயர் வந்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். அந்தப் படம் கந்தோர்ச் சுவரில் இன்னும் தொங்குகிறது. முடி வைத்த பிள்ளைக்குப் பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பது நான்.

மேகலா அழவில்லை. பெயர்கள் சொல்லப்பட்ட நேரம் முழுவதும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். தன் துண்டை ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தாள். கதவடியில் பாக்கியம், "பரவால்ல, பரவால்ல, இன்னும் ஒரு வெள்ளிக்கெழம இருக்குல்ல" என்று மகளுக்குச் சைகையோடு சொன்னார். பாவம், அடுத்த வெள்ளிக்கிழமையோடு கேக் முடிகிறது என்பதும், அதற்குப் பிறகு யார் வீட்டிலிருந்தும் எதுவும் வராது என்பதும் அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. மகளுக்குத் தெரியும். தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை விருந்தாளி பேக்கரியில் சொல்லி, ஐசிங் போட்ட மூன்று தட்டுக் கேக் ஒன்றை அனுப்பினார். பிள்ளைகளுக்குத் திகட்டிவிட்டது. பாதி மிஞ்சியது. பாக்கியம்தான் மேசை துடைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறினேன். இது துணிச்சலால் அல்ல. பாக்கியம் அந்த மேசையைத் துடைத்ததைப் பார்த்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை, அதனால்தான். கட்டுக்கரைப் பக்கம் இறங்கி, வாய்க்கால் ஓரமாக நடந்து, கேட்டுக் கேட்டுப் போனேன். பாக்கியத்தின் வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. உள்ளே அக்கம்பக்கத்துப் பெண்களும் பிள்ளைகளும். நடுவில் பாயில், ஒரு பக்கம் கொஞ்சம் கரிந்த, தட்டையான கேக். சேர்த்து வைத்த முட்டையை வேறு என்ன செய்வது? மேகலா கத்தியோடு உட்கார்ந்திருந்தாள்.

"சார்! என்னா சார் இவ்ளோ தூரம்?" பாக்கியம் எழும்பி வந்தார். "நிக்காதீங்க, உள்ள வாங்க."

உள்ளே போனால் சொல்ல வராது என்று எனக்குத் தெரியும். வாசலிலேயே நின்றேன். "மேகலா, போன வருசம் நீ கேட்டதுக்கு நான் பொய் சொன்னனான். துண்டைத் தெரிஞ்சு எடுக்கிறது நான்தான். உனக்கு அஞ்சு வருசமும் வராமல் செய்தது நான்."

பாக்கியத்துக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "ஏன் சார்?"

"உங்களுக்குச் சிரமம் குடுக்கக்கூடாதெண்டு."

"சிரமம்னு நாங்க சொன்னோமா சார்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மேகலாதான் பேசினாள். தாயுடன் அதுவரை வேறு தமிழில் பேசிக்கொண்டிருந்தவள், எனக்காகப் பள்ளிக்கூடத்துத் தமிழுக்கு மாறினாள்.

"அண்டைக்கு உங்கட கையைப் பாத்தாப் பிறகு எனக்குத் தெரியும் சேர். ஆனா நீங்கள் போன வருசமே ஓம் எண்டு சொல்லியிருந்தா, நான் அம்மாவை முட்டை சேக்க விட்டிருக்க மாட்டன். அதிர்ஷ்டம் எண்டு நீங்கள் சொன்னதை நம்பித்தான் இந்த முறை கட்டாயம் வரும் எண்டு சொன்னனான்." பிறகு, "எனக்கு மட்டுமில்லை. வாடியில வேலை செய்யிற அன்ரியின்ர ரெண்டு பிள்ளையளுக்கும் வரேல்லை. றெஜினாக்காவின்ர தங்கச்சிக்கும் வரேல்லை" என்றாள்.

நான் மறந்த பெயர்களை அவள் வைத்திருந்தாள். அந்த வீடுகளுக்கும் பிறகு போனேன். சில இடங்களில் சிரித்தார்கள், ஓரிடத்தில் கதவைத் திறக்கவில்லை. அதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான்: முதலில் துண்டைத் தொடுங்கள், பிறகு பெயரைக் கேளுங்கள். சோகி போகிற வீட்டுக்கு என்ன ஏலும், என்ன ஏலாது என்பதை அந்த வீட்டிடமே போய்க் கேளுங்கள். வாசலில் நின்று நீங்களே முடிவெடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

பாக்கியம் என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்தார். அங்கே மேசை இல்லை. ஒரு குழந்தையைக் கட்டிலுக்குக் கீழே அனுப்பியிருந்தார்கள். மேகலா ஒரு துண்டின் மேல் விரலை வைத்தாள். விரலை எடுக்காமல் "பூர் கீ?" என்று கேட்டாள். கீழே இருந்து மழலையில் ஒவ்வொரு பெயராக வந்தது. எனக்கு "சாரு" என்று வந்தது. என் துண்டில் ஒன்றும் இல்லை.

"அய்யோ, பல்லு!" என்று கத்தியது ராசம்மா. களை பிடுங்கும் கூட்டத்தில் வேலை செய்கிறவர், கேக் சுட்டவரும் அவர்தான். வாயிலிருந்து சோகியை எடுத்தார். கொப்பி மட்டையில் வெட்டிய முடியை மேகலா அவர் கொண்டையின் மேல் வைத்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம ராசம்மா வீட்டுல!"

"அடி பாவிகளா, சுட்டவளுக்கே திரும்பவுமா? எங்கிட்ட என்னா இருக்கு?"

"முட்ட எங்க வீட்டுல."

"சீனி நா தர்றேன்."

"வெறகு வேணாம், ஒம்புருசன் கோவத்துலயே வெந்துரும்."

எல்லோரும் சிரித்தார்கள். ராசம்மா முடியைச் சரிசெய்துகொண்டு, "வந்துருங்க, எல்லாரும் வந்துருங்க, வராதவங்க வீட்டுக்கு நா வந்துருவேன்" என்று ஒவ்வொருவராகக் கையை நீட்டி அழைத்தார். இத்தனை வருடமாக நான் எத்தனை வீட்டிலிருந்து எதை எடுத்துவைத்துக்கொண்டேன் என்பதை அந்தக் கையைப் பார்க்கும்போதுதான் கண்டேன்.

நானும் சேர்ந்துகொள்ள விரும்பினேன். "கோதுமை மா நான் கொண்டு வாறன்" என்றேன்.

ராசம்மா என் வெள்ளைச் சட்டையையும் நரைத்த தலையையும் பார்த்தார்.

"அய்யய்யோ, ஒங்களுக்கு எதுக்கு சார் சிரமம்? நீங்க ஒண்ணும் கொண்டாராதீங்க. சும்மா வந்து ஒக்காந்து சாப்ட்டுட்டுப் போங்க."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார்.